பனியில் விரித்த போர்வை

கழுத்துப்பட்டி டினோஜனின் கையில் இருந்தது. கறுவாவைத்தான் காணவில்லை.

"அண்ணை, நாய் எங்கே?" லக்சனா கேட்டாள்.

"அந்தச் சத்தத்துக்குப் பயந்திட்டுது. தலையை உருவிக்கொண்டு ஓடிட்டுது."

பனி அள்ளும் லொறிகள் வருவதற்கு முன், தெருவோரக் கார்களை எடுக்கச் சொல்லி ஊதும் சைரன் ஒலி தெருவெல்லாம் அலறிக்கொண்டிருந்தது.

கறுவா அவர்களுடைய நாய் அல்ல. கைவிடப்பட்ட நாய்களைக் காப்பாற்றும் ஒரு குழு, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருக்கும்படி அதைக் கொடுத்திருந்தது. அந்தக் குழுவுக்கு உதவ லக்சனாவும் அம்மாவும் ஒரு போர்வை தைத்திருந்தார்கள். அம்மா வேலை செய்யும் இடத்தில் மிஞ்சிய துணிகளை நாய் வடிவங்களாக வெட்டி, சேர்த்துத் தைத்த போர்வை. நீளக் காது நாய், புள்ளி நாய், தூங்கும் நாய் எல்லாம் அதில் இருந்தன. லக்சனா வெட்டிய ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடு மாதிரி இருந்தது.

மாலையில் தேவாலய மண்டபத்தில் அதைப் பரிசாக வைத்துச் சீட்டிழுப்பு; சீட்டு விற்ற காசு குழுவுக்கு. போர்வையைக் கொடுத்துவிட்டு வரத்தான் அம்மாவும் பிள்ளைகள் இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

மூவரும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கைக்கு ஓடினார்கள். ஒழுங்கையின் அந்த முனையில் கறுவா நின்றது. வாலைக் கால்களுக்கு இடையில் ஒளித்திருந்தது. அதற்குப் பின்னால் பெரிய தெரு. பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

டினோஜன் அதை நோக்கி ஓடினான். கறுவா தெருப் பக்கமாகப் பின்வாங்கியது.

லக்சனா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "நில்லுங்கோ அண்ணை. நீங்கள் கிட்டப் போகப் போக அது தள்ளிப் போகுது."

"அப்ப என்ன, பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?"

லக்சனா அம்மாவின் கையில் இருந்த போர்வையைப் பிடித்தாள். "இதைத் தாங்கோ அம்மா."

"பிள்ளை, பின்னேரம் குடுக்கவேணும். கீழே முழுக்கப் பனிக்குப் போட்ட உப்பும் சேறும்."

"தெரியும். ஆனா நீங்கள் தைக்கேக்கை அது ஒவ்வொரு நாளும் இதிலைதானே படுத்தது? எங்களைவிட இதைத்தான் அதுக்கு நல்லாத் தெரியும்."

அம்மா ஒரு கணம் போர்வையைப் பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

லக்சனா அதைப் பனியில் விரித்தாள். கறுவாவுக்கு முதுகைக் காட்டியபடி அதில் உட்கார்ந்தாள். உற்றுப் பார்த்தால் அது இன்னும் பயப்படும்.

அவளுக்கு அம்மாவின் முகம் மட்டுமே தெரிந்தது.

"வருதோ?"

அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

விரல்கள் மரத்துப்போயின. பின்னால் ஒரு பேருந்து பிரேக் போடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இருக்க லக்சனா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா, தைக்கேக்கை கதைக்கிற மாதிரி ஏதாவது கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்க? இரவைக்குப் புட்டு அவிக்கலாம் எண்டு இருக்கிறன்." அம்மாவின் குரல் முதலில் நடுங்கியது. பிறகு மெல்ல மெல்ல வழக்கமான குரலாகியது. "கத்தரிக்காய் இருக்கு. பால்கறி வைக்கலாம். அண்ணைக்குத்தான் பிடிக்காது."

"எனக்கு இண்டைக்கு எது எண்டாலும் சரி," என்றான் டினோஜன்.

ஈரமான ஏதோ ஒன்று லக்சனாவின் முழங்கையைத் தொட்டது.

அவள் அசையவில்லை. கறுவா போர்வையில் ஏறி, ஒருமுறை சுற்றி, அவள் முதுகோடு ஒட்டிப் படுத்தது. அதன் உடம்பு படபடவென்று நடுங்கியது. அம்மா மெதுவாக வந்து, அது படுத்தபடியே இருக்க, போர்வையின் ஓரத்தால் அதை மூடினார். டினோஜன் கழுத்துப்பட்டியைப் போட்டு இறுக்கினான். கண்ணைத் துடைத்துவிட்டு, "குளிர்," என்றான்.

மண்டபத்தில் லக்சனா போர்வையை விரித்தாள். நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கால் தடம். ஈரத் துணியால் எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

சீட்டு வாங்க வந்தவர்கள் எல்லோரும் அது என்னவென்று கேட்டார்கள். லக்சனா நடந்ததைச் சொன்னாள். தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழிலும், பிரெஞ்சில் கேட்டவர்களுக்குப் பிரெஞ்சிலும் சொன்னாள்.

சீட்டு விழுந்தது பேரின்பநாதன் மாமாவுக்கு. அவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுபவர். அவர் போர்வையை எடுக்க வந்தபோது லக்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊத்தையாப் போச்சு மாமா. சவர்க்காரம் போட்டுக் கழுவினாப் போயிடும்."

மாமா குனிந்து தடத்தைப் பார்த்தார். "இது அந்த நாயின்ரை காலோ?"

"ஓம்."

"அப்ப நான் கழுவமாட்டன்," என்று சொல்லி, தடம் வெளியே தெரியும்படி போர்வையைக் கவனமாக மடித்தார்.