சில்லென்ற விரல்கள்

திராட்சைப் பந்தலின் கல்தூணில் ஏறாதே என்று அம்மா லத்திபா சதாமிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அடுத்த தடவை சொல்வதற்குள் அவன் விழுந்துவிட்டான். ஒன்பது வயதுக் காது அப்படித்தான்.

இடது கையை ஊன்றி விழுந்திருந்தான். முழங்கை கோணிக்கொண்டு, பார்க்கப் பார்க்க வீங்கியது. அவன் அலறலைக் கேட்டு, பழம் வெட்டிக்கொண்டிருந்த தவசி மாமா ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன உயிர் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் இரண்டு வயதுத் தங்கை ஷாஜியாவை ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கியதில் அவள் முழங்கை பிசகிவிட்டது. தூக்கியவன் சதாம்தான், வேறு யார்? தவசி மாமா அந்தக் கையை மெதுவாகத் திருப்பி மடக்கினார். டக்கென்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் ஷாஜியா மிட்டாய்க்குக் கை நீட்டினாள். காமயகவுண்டன்பட்டியில் கை பிசகிய குழந்தைகளெல்லாம் அவரிடம்தான் வரும்.

"ஒரே திருப்புத்தான். சரியாப் போகும்," என்று அவர் குனிந்தார். அம்மா மகனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ரிஸ்வானா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷாஜியாவின் கை அன்று வீங்கவில்லை, கோணவும் இல்லை. தம்பியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். வலது கை விரல்கள் சூடாக இருந்தன. இடது கை விரல்கள் வெளுத்துச் சில்லென்று இருந்தன. அசைக்கச் சொன்னாள். அவனால் முடியவில்லை.

"மாமா, திருப்பாதீக," என்றாள்.

பெரியவர்கள் வேலையில் குறுக்கே வராதே என்று அம்மா அதட்டினார். ரிஸ்வானா நகரவில்லை. தவசி மாமாவின் கையை இழுத்துத் தம்பியின் விரல்கள்மேல் வைத்தாள்.

"ஷாஜியா கை இப்படியா இருந்துச்சு?"

அவர் ஒரு கையைத் தொட்டார். மறு கையையும் தொட்டார். முகம் மாறிவிட்டது.

"இது என் வேலை இல்ல தாயி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

கையை நீட்டவோ மடக்கவோ ரிஸ்வானா யாரையும் விடவில்லை. இருந்த வாக்கிலேயே பழப்பெட்டி அட்டையை அடியில் கொடுத்து, தன் துப்பட்டாவால் கட்டினாள். திராட்சை ஏற்ற வந்த வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. கம்பத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உடனே தேனிக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தமபாளையத்தில் விரல்களைத் தொட்டாள். சில்லென்று இருந்தன. சின்னமனூரிலும் அப்படியே.

முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, கைக்கு ரத்தம் போகும் குழாயை அழுத்துகிறது என்றார் தேனி டாக்டர். திருப்பியிருந்தால் குழாய் கிழிந்திருக்கலாம் என்றும் சொன்னார். அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

சதாமுக்கு மயக்கம் தெளிந்தபோது கட்டுக்கு வெளியே ஐந்து விரல்கள் தெரிந்தன. ரிஸ்வானா தொட்டாள். சூடாக இருந்தன. அசைத்துக் காட்டச் சொன்னாள். அவை அசையவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அவற்றைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள்.

அப்போது அவள் உள்ளங்கையில் சுருக்கென்றது. சதாம் அந்த விரல்களால்தான் கிள்ளியிருந்தான்.

"வலிச்சுதாக்கா?"

நன்றாகவே வலித்தது.

"இன்னொரு தடவை கிள்ளுடா," என்றாள்.