நீலக் கோயிலும் மஞ்சள் கண்ணாடியும்

அந்தோணியார் கோயிலின் தெற்குச் சுவரைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. வெள்ளையடிக்கச் சொன்ன சுவர், விடிந்து பார்த்தால் பளிச்சென்று நீலமாக நிற்கிறது. வாயைப் பிளக்காமல் வேறென்ன செய்வார்களாம்?

"இது கோயில் சுவரா, சோப்பு விளம்பரமா?" என்றார் திருவிழாக் கமிட்டித் தலைவர் குழந்தைராஜ். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

பிரின்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் அவளுடைய பெரியப்பா ரெமிஜியஸ். பூதலூர்ப் பக்கத்தில் வெள்ளையடிப்பு என்றாலே அவர் பெயர்தான் வரும். சுண்ணாம்பில் துளி நீலம் கலந்தால் வெள்ளை நன்றாக எடுக்கும். எவ்வளவு கலப்பது என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்ட கைக்கு இன்றைக்கு என்ன வந்தது?

பெரியப்பாவோ சுவருக்கு எதிரே நிம்மதியாக நின்றார். "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? பால் மாதிரி வெள்ளையாத்தானே இருக்கு?"

மறுபடியும் சிரிப்பு. குழந்தைராஜ் பங்குச் சாமியாரின் காதருகே போய், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தண்ணியப் போட்டுட்டு ஏணியில ஏறியிருப்பாரு சாமி. தஞ்சாவூர்லேர்ந்து கம்பெனி பெயிண்ட் அடிக்கிற ஆளைக் கூப்பிட்டுடுவோம். இனிமே ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த ஆளே அடிக்கட்டும்."

பிரின்ஸிக்குக் காது சுட்டது. பெரியப்பா கலர் சோடாவைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே!

பெரியப்பா வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

அன்று மாலை அம்மா ஒரு பார்சலைப் பிரித்தாள். குவைத்தில் லாரி ஓட்டும் அப்பா, லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. சோப்பு, தைலம், பால் பவுடர். அடியில் ஒரு மஞ்சள் கண்ணாடி.

"ராத்திரியில வண்டி ஓட்டுறவங்க போடுறதாம். உனக்கு வெளையாட அனுப்பியிருக்காரு" என்றாள் அம்மா.

பிரின்ஸி அதை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். தட்டில் இருந்த வெறும் சோறு எலுமிச்சைச் சோறாக மாறியது. வெள்ளைப் பூனைக்குக் காமாலை வந்தது. சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் பெரியப்பா தன் கையாலேயே நீலம் போட்டு அலசிய வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றினாள். வேட்டி நீலமாக இருந்தது. கோயில் சுவரைப் போலவே நீலம்! மறுபடியும் மாட்டினாள். நல்ல வெள்ளை வேட்டி. கழற்றினாள், நீலம். மாட்டினாள், வெள்ளை.

"ஆத்தாடி!" என்று கத்தியபடி பெரியப்பாவிடம் ஓடினாள். அன்றைக்குத்தான் வாங்கிய புது நோட்டை அவர்முன் விரித்தாள். "பெரியப்பா, இந்தத் தாள் என்ன கலரு?"

"பழுப்பாத்தான் இருக்கு. பழைய நோட்டா?"

"புதுசு பெரியப்பா! உங்களுக்கு எல்லாமே இப்படித்தான் தெரியுதா?"

"கொஞ்ச நாளாவே கண்ணுல பொகை மூட்டம் போட்ட மாதிரி இருக்கு. வெயில்ல போனா கூசுது" என்று இழுத்தார் பெரியப்பா. "யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

பிரின்ஸி முதலில் அதைச் சொல்லவில்லை, காட்டினாள். நேரே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கண்ணாடியை நீட்டினாள். "சாமி, இதைப் போட்டுக்கிட்டு அந்தச் சுவரைப் பாருங்க."

சாமியார் மாட்டினார். "அட, வெள்ளையா இருக்கே!"

கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வாங்கி மாட்டினார்கள். கடைசியில் குழந்தைராஜ். மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"பெரியப்பா குடிக்கல மாமா. அவர் கண்ணுக்குள்ளயே இந்த மாதிரி மஞ்சக் கண்ணாடி ஒண்ணு இருக்கு. அதான் நீலத்தை அள்ளிக் கொட்டிட்டாரு."

குழந்தைராஜ் தலையைச் சொறிந்தார். "அண்ணனைப் போய் அப்படிப் பேசிட்டேனே! இது கண்ணுல புரைன்னா, சனிக்கிழமை நம்ம ஸ்கூல்லதான் கண் கேம்ப் நடக்குது."

"திருவிழா ஜூன் பதிமூணுதான், இன்னும் ஒண்ணரை மாசம் இருக்கு. வேற ஆள் வேண்டாம்" என்றார் சாமியார்.

எல்லாம் சரி, பெரியப்பாதான் மசியவில்லை. "ஆபரேஷனா? சாமி சத்தியமா மாட்டேன். எங்கப்பாவுக்குப் பண்ணாங்களே, தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சு ஆடாம அசையாம படுக்கப் போட்டாங்க. தும்மக்கூட விடல. அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டா ஏணிப்படி ஒரு பக்கம் இருக்கும், கால் இன்னொரு பக்கம் போவும். மனுசன் அதோட ஏணியையே தொடல. எனக்கும் அந்தக் கதிதான்."

அவர் குரல் கம்மியது.

பிரின்ஸி யோசித்தாள். அப்பாவிடமிருந்து போன் வருகிற நாள் அது. "வாங்க பெரியப்பா, அப்பாகிட்ட பேசலாம்" என்று கையைப் பிடித்து ஹாஜா மைதீனின் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் அவள் மனதில் வேறு கணக்கு ஓடியது.

"ஹாஜா பாய், அதோ வர்ற பஸ்ஸு எங்க போவுது?" என்று கேட்டாள்.

ஹாஜா மைதீன் எட்டிப் பார்த்தார். "திருக்காட்டுப்பள்ளி. ஏம்மா?"

"போன வருஷம் உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே. உங்க சோடாபுட்டி எங்க?"

"சோடாபுட்டியா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம். இப்போ சின்னதா ஒரு கீறல் போட்டுப் புரையை எடுத்துட்டு, கண்ணுக்குள்ளயே ஒரு குட்டி லென்ஸை வச்சுடுறாங்க. கிட்டத்துல நம்பர் பார்க்க மட்டும் இந்தச் சின்னக் கண்ணாடி. மறுநாளே நான் எழுந்து நடந்தேன் ரெமிஜியஸு!"

"புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் பாய்" என்றார் பெரியப்பா, கடைசி முயற்சியாக.

"முத்திட்டா எடுக்கறதுதான் கஷ்டம்னு எங்க டாக்டரம்மா சொன்னாங்க. உனக்கு ஏன் இந்த வம்பு?"

பெரியப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த பஸ் போன திசையைப் பார்த்தார். அவருக்குப் பஸ்ஸே சரியாகத் தெரிந்திருக்காது. "சரி பாப்பா, சனிக்கிழமை நீயும் கூட வா" என்றார்.

கேம்ப்பில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், ஆறிய பிறகு இடது கண். "ஒரு மாசத்துக்குச் சுண்ணாம்பு இருக்கிற பக்கமே போகக் கூடாது. கண்ணுல தெறிச்சா ஆபத்து" என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்றே வேனில் தஞ்சாவூருக்கு ஏற்றிப்போனார்கள்.

மூன்றாம் நாள் வேன் திரும்பி வந்தபோது பிரின்ஸியும் குழந்தைராஜும் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். பெரியப்பா கறுப்புக் கண்ணாடியோடு சினிமா நடிகர்போல இறங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தெற்குச் சுவரைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார், வலது கண்ணை மூடினார், மறுபடியும் இடது கண்ணை மூடினார்.

"அடப் பாவமே! எவன்டா இந்த வேலையப் பார்த்தவன்?"

"நீங்கதான் பெரியப்பா!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கப் போன கையைப் பிரின்ஸி தட்டிவிட்டாள். "கண்ணைத் தொடக் கூடாது!"

"டேய் குழந்தைராஜ், நீ சொன்னது சரிதான்டா. சோப்பு விளம்பரமேதான்!"

"அதை விடுங்கண்ணே. நான் சொன்ன இன்னொண்ணுதான் தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார் குழந்தைராஜ். பெரியப்பா அவர் தோளில் ஒன்று வைத்தார். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

ஜூன் மாதம் பிறந்து, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் பெரியப்பா வாளியைத் தொட்டார். கண்ணுக்குக் காப்பாக ஒரு வெள்ளைக் கண்ணாடி மாட்டியிருந்தார். சுண்ணாம்பைக் கரைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, துளித் துளியாக நீலம் விட்டார். பிரின்ஸி புது நோட்டைப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள்.

"என்னண்ணே, கோயில் வாசல்ல நின்னு யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றார் குழந்தைராஜ்.

"இந்தக் கண்ணு பொய் சொல்லுதுடா. அடுத்த கேம்ப் வரைக்கும் அதுக்கு லீவு" என்றார் பெரியப்பா. பிறகு நோட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "பாப்பா, போதுமா?"

"போதும் பெரியப்பா."

அவர் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படியிலும் கால் சரியாகப் போய் உட்கார்ந்தது.