யோசினின் வலது மணிக்கட்டு

காலை பத்தரை. பன்னிரண்டு வயது யோசினின் உதடுகள் நீலம் பாரித்துக் கிடந்ததைத் தாதி கண்டாள். கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. அபின் வகை மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு யாரும் அதைத் தரவில்லை.

முறிவு மருந்து ஏறியதும் விழித்தாள். "முள்ளம்பன்றி டாக்டர் போயிட்டாரா?" என்று சிரித்தாள். அரை மணியில் மறுபடி மூச்சு தளர்ந்தது.

இன்ஸ்பெக்டர் காவ் வந்து, தைவானின் தைனான் நகர ஆஸ்பத்திரியில், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவிலிருந்த யோசினின் அறைக்குக் காவல் போட்டாள். மருந்துக் குழாய்களை மாற்றச் சொன்னாள். வெளியாள் யாரும் உள்ளே போகவில்லை. அப்படியும் குழந்தையின் மூச்சு மூன்றாம் முறை அடங்கியது.

யோசின் 'முள்ளம்பன்றி' என்று கூப்பிடும் அக்குபஞ்சர் டாக்டர் ஜுவாங்கைக் காவ் விசாரித்தாள்.

"ஊசியில என்ன தடவினீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்! கீமோ குமட்டலுக்கு மணிக்கட்டுல குத்துவேன். போறப்போ ரெண்டு கையிலயும் குட்டி ஊசி வெச்ச ஒட்டு ஒட்டுவேன். குமட்டினா அமுக்கிக்கணும், அவ்வளவுதான்."

"உங்களுக்கப்புறம் அவகிட்ட யாரு இருந்தாங்க?"

"அவ சித்தி மட்டும்."

வராந்தாவில் சித்தி சியூலான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இடுப்பு வலியா?"

"ஆபரேஷன் பண்ணின முதுகுங்க. இன்னிக்குத் தாங்க முடியல."

"தினம் எப்படித் தாங்குவீங்க?"

சியூலான் தோளில் பழைய ஒட்டு இருந்த சிவப்புத் தடத்தைச் சட்டையால் மூடிக்கொண்டாள்.

காவ் அறைக்குள் ஓடினாள். இடது மணிக்கட்டு ஒட்டை அமுக்கினாள். விரலில் சிறு புடைப்பு தட்டியது. வலதில் எதுவும் தட்டவில்லை. விளிம்பு கத்தரியால் வெட்டியதுபோல் கோணலாக இருந்தது. பிய்த்தெடுத்தாள்.

"விஷம் வெளியிலேருந்து வரவேயில்ல. அவ தோல்மேலயே இருந்திருக்கு. இது அபின் வகை மருந்து வெச்ச வலிநிவாரண ஒட்டு. உங்களோடதுதானே?"

பின்னாலேயே வந்த சியூலான் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர் ஒட்டினது விழுந்துடுச்சு. பிள்ளை குமட்டிக் குமட்டித் துடிச்சா. என் வலியையே அடக்குதே, இதையும் அடக்கும்னு நெனச்சேன். என்கிட்ட மிச்சமிருந்த கடைசி ஒட்டை உரிச்சு, வெட்டி ஒட்டினேன்."

"மூணு தடவை மூச்சு அடங்குச்சு. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"சொன்னா அக்கா என் மூஞ்சியில முழிக்க மாட்டாளேன்னு பயம்..."

கட்டிலருகே நின்ற யோசினின் அம்மா யா-ட்ஸு தங்கையின் பக்கம் திரும்பவில்லை. மகளின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறிவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சாயங்காலம் யோசின் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

"சித்தி ஊட்டினாத்தான் சாப்பிடுவேன்."

யா-ட்ஸு மகளின் வாயருகே கரண்டியை நீட்டியபடியே நின்றாள்.