பரண் மேல் ஒரு பைத்தியம்

திங்கட்கிழமை கொலை.

செவ்வாய்க்கிழமை போஸ்ட்மார்ட்டம்.

புதன்கிழமை, கொன்றவள் பைத்தியம் என்று முடிவு.

வியாழக்கிழமைதான் டாக்டருக்கு போன்!

மனநல டாக்டர் கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஜவ்வாது மலை ஏறி வந்தால், ஸ்டேஷனில் ஒரு வாய் டீ கூட இல்லை. இன்ஸ்பெக்டர் அருணகிரி ஒரு தாளை நீட்டினார்.

“ஆளுமைக் கோளாறுன்னு எழுதி ஒரு கையெழுத்து. பத்து நிமிஷ வேலை!”

“பத்து நிமிஷமா? சின்ன வயசுல இருந்து வீட்ல, வேலையில, வெளியில எப்படி இருந்தாங்கன்னு நாலு பேரை விசாரிக்கணும் சார். வேற நோய் இல்லைன்னு பாக்கணும். திரும்பத் திரும்பப் பேசணும்...”

“ரத்தம் எடுத்துப் பாத்துடுங்களேன்.”

“சர்க்கரையா சார், ரத்தத்துல தெரியறதுக்கு?”

மூலையில் செவ்வந்தி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் வெட்டுப்பட்டுச் செத்தவன் அவள் புருஷன் லட்சுமணன். பைத்தியம் என்று தாளில் ஏறிவிட்டால், நாலு வயசு மகள் அபிநயா கொழுந்தன் சுரேஷ் கைக்குப் போய்விடுவாள். கூடவே நிலமும்!

படவேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்த சுரேஷ், செல்போனைப் பார்த்து ஒப்பித்தான்.

“திடீர்க் கோவம்... நிலையில்லாத மனசு... தனிமையைக் கண்டு பயம்...”

“போனை உள்ள வைங்க! கண்ணால பாத்ததைச் சொல்லுங்க.”

“இன்னா டாக்டர் இப்டிக் கேக்கறீங்க? காட்டுக் கொல்லையில பரண் மேல ஏறினு, ஆளே இல்லாம கத்துவாங்க அண்ணி. தெனம்! அன்னிக்குக் கூட காலைல எட்டுல இருந்து மத்தியானம் வரைக்கும்... வுடாம! ஊரையே கேளுங்க!”

செவ்வந்தி தலையைத் தூக்கினாள்.

“கிளி ஓட்டினேன்மா...”

அருணகிரி சிரித்தே விட்டார். “கேட்டீங்களா? கிளியாம்! எழுதுங்க டாக்டர்.”

கோகிலவாணி பேனாவைப் பட்டென்று மூடினாள். “ஒருத்தர் பேச்சை வச்சு எழுத மாட்டேன். அக்கம்பக்கத்து ஆளைக் கூப்பிடுங்க!”

முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார் இன்ஸ்பெக்டர். அரை மணியில் வந்தாள், பக்கத்துக் கம்பங்கொல்லைக்காரி மணியம்மாள்.

“செவ்வந்தி பரண் மேல கத்துவாங்களா?”

“கத்தாம? கம்பு முத்திக் கெடக்குது, கிளி வுடுமா? நானுந்தான் கத்தறேன்! அவ ஒரு கூவல் வுட்டா, எங் காவல் பரண்லருந்து நான் ஒண்ணு வுடுவேன். சத்தம் நின்னாத்தான் ஓடிப்போயிப் பாப்போம்... வுழுந்தாளோ, பாம்பு தொட்டுச்சோன்னு.”

“திங்கட்கிழமை?”

“நிக்கவே இல்லியே! மத்தியானம் போலீஸ் வந்து கூட்டினு போற வரைக்கும் கூவினா.”

கோகிலவாணி மெல்லத் திரும்பினாள்.

“கொலை எத்தனை மணிக்கு சார்?”

“பத்து. போஸ்ட்மார்ட்டமும் அதேதான் சொல்லுது. அவ வெட்டினதை சுரேஷே நேர்ல பாத்திருக்கான்.”

“வீட்டுக்கும் கம்பங்கொல்லைக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு மணி நேர... நடை...”

அருணகிரியின் குரல் தேய்ந்தது.

எட்டிலிருந்து மத்தியானம் வரை பரண் மேல் விடாமல் கத்தியவள், பத்து மணிக்கு வீட்டு வாசலில் எப்படி வெட்டுவாள்? இரண்டையும் சொன்னது ஒரே வாய்!

அந்த வாய்க்குச் சொந்தக்காரன் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“அண்ணன்... நிலத்துல பங்கு தர மாட்டேன்னான் சார்...” சுரேஷ் உடைந்தான்.

செவ்வந்தி எழுந்தாள். “பாப்பாகிட்டப் போலாமாம்மா?”

“போங்க செவ்வந்தி. ஜீப் இருக்கு, நானும் வர்றேன்.”

அசடு வழிந்தபடி அருணகிரி கேட்டார்.

“இவனுக்கு இன்னா கோளாறு டாக்டர்?”

“பத்து நிமிஷத்துல சொல்ற விஷயமா சார் அது? ஆயுசுக்கும் உள்ள வைங்க... மாசா மாசம் வந்து பாத்துட்டு, நிதானமா எழுதறேன்!”