மூன்றாம் சுடுதுளைக்குக் கீழே

"அக்டோபர் 14, 2061. வடகிழக்குக் கோபுரத்தில் மூன்றாம் சுடுதுளைக்குக் கீழே போன மாதம் நானும் இசக்கியும் பூசிய ஒட்டுப்பூச்சை வரைபடத்தில் குறிக்க மறந்துவிட்டேன். சிறு பிழை."

கடைசி இரண்டு சொற்களை வடிவு கோடிட்டு அடித்தாள்.

அயர்லாந்தின் அந்தக் கோட்டைவீடு நானூற்றைம்பது ஆண்டுப் பழசு. வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு அகலச் சன்னல் வைத்தவர்கள், பயம் விடாமல் பக்கத்திலேயே துப்பாக்கி நீட்டச் சுடுதுளையும் வைத்திருந்தார்கள். சுண்ணச்சாந்து இறுகும்போது அருகிலிருப்போர் பேச்சை உள்வாங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, நாடெங்கும் சுவர்களே சாட்சி. சுண்ணச்செவி என்னும் கருவியை ஒட்டவைத்தால், எந்த மொழிப் பேச்சையும் வறட்டு ஆங்கிலத்தில் சொல்லும். காலம் மட்டும் அதற்குத் தெரியாது. அதை வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

பழைய சுவர்களைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் அன்றைய மாலை வகுப்பில் வீட்டுக்கார மூதாட்டி நோரா, ஆசையாகக் கருவியை வாங்கித் தாமே அந்த இடத்தில் வைத்தார். சுவர் பேசியது:

"இந்தக் கிழவி போய்ச் சேர்ந்தால்தான் நிம்மதியாக வேலை பார்க்கலாம்."

வடிவுக்குத் தன் பேச்சு அடையாளம் தெரிந்தது. போன மாதம் பூசும்போது நோராவைப் பற்றி அவள் சொன்னது. தமிழில்தானே என்ற தைரியம்.

ஆசிரியர் டெக்லன் வரைபடத்தைப் பார்த்துத் துள்ளினார். "இது பழைய சுவர்! கட்டின கொத்தனாருங்க பேச்சு! வீட்டம்மாவை வெறுத்திருக்காங்க. வரலாற்றில ஏத்திடலாம்."

நோராவின் முகம் வாடியது. "இந்த வீட்டைக் கட்டின எங்க முப்பாட்டி, பஞ்சத்தில அந்தக் கொத்தனாருங்களுக்கெல்லாம் தன் கையால கஞ்சி ஊத்தினவள்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. எல்லாம் கதையா? நாளைக்கே அவ படத்தைக் கழட்டிடறேன்."

உண்மையைச் சொல்ல வடிவு வாய் திறந்தாள். இசக்கி அவளைச் சுவரோரம் இழுத்துப் போனான்.

"சும்மா கெட, ஏளா! நானூறு வருசத்துக்கு முந்திச் செத்தவளுக்கா மானம் போயிரப் போவுது? தெரிஞ்சா நம்மள வகுப்ப விட்டே வெரட்டிருவாவ."

"செரி... யார்ட்டயும் சொல்லல."

சொன்ன பிறகுதான் முதுகில் குளிர்ச்சி உறைத்தது. திரும்பினாள். அன்று பிற்பகல் அவர்களே பூசிய இன்னொரு சுண்ணச்சாந்து ஒட்டு, இன்னும் காயவில்லை.

வீட்டில் நாட்குறிப்பின் அடியில் எழுதினாள்:

"நாளை காலை, நோரா அந்தப் படத்தைக் கழற்றுவதற்கு முன் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பிறகு இரண்டு ஒட்டுப்பூச்சையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்."