கட்டிலுக்குக் கீழே ஈரம்

முயலின் முதுகு நனைந்திருந்தது. வயிறோ பின்னங்காலோ நனைந்திருந்தால் கமலாதேவி ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். கூட்டுக்குள் கிடக்கிற பிராணி தன் மூத்திரத்தில் தானே இருப்பது உலகத்தில் புதிதில்லை. ஆனால் வாலுக்குச் சற்று மேலே, முதுகெலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு மயிர் பிசுபிசுத்து ஒட்டி, மஞ்சள் பிடித்துக் கிடந்தது. தன் முதுகில் தானே மூத்திரம் பெய்யும் முயல் நாரந்தனை ஊரில் மட்டுமல்ல, எந்தத் தீவிலும் இருக்க முடியாது.

அண்ணாந்து பார்த்தாள். மேலே கட்டில். கட்டிலுக்கு மேலே ஓடு. ஆடி மாதம். மழை கண்டு நாலு மாதம் ஆகிறது.

முயலுக்குப் பெயர் சீனி. கூப்பன் கடையில் சீனி கிடைக்காத வருடம் அது. கணவர் ஆழ்வாப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுவாரம், மீன் கொண்டுவரும் றோசம்மா ஓலைக் கடகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "தனிய இருக்கிறியள், ஒரு சீவன் கிடக்கட்டும் அக்கா" என்றாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் முப்பது வருடத்துக்குப் பிறகு கமலாதேவி யாரையாவது கொஞ்சினாள் என்றால் அது சீனியைத்தான். அதை ஒளிக்க அவளுக்கு வெட்கமும் இல்லை.

முயற்பெட்டி இருந்தது பக்கத்து அறையில், பிரம்புக் கட்டிலின் கீழே. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். அந்தக் கட்டிலில்தான் ஆழ்வாப்பிள்ளை பாரிசவாதம் வந்து இடப்பக்கம் செத்துப்போய்ப் பதினாலு மாதம் கிடந்தார். வாய் பேச வராது. வலக்கையில் ஒரு பொல்லுத் தடி. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் திருப்பிப் போடு. மூன்று தட்டு என்றால் நனைந்துவிட்டேன், வா. பொல்லு அவரோடு சிதையில் போனது. மெத்தையைக் கடற்கரையில் எரித்தார்கள். கட்டிலையும் எரிக்கக் கொடுத்துவிடு என்று மச்சாள் யோகம்மா பிடிவாதமாக நின்றபோது கமலாதேவி மறுத்துவிட்டாள். அது தேக்கு. அவளைப் பெற்ற ஐயா செய்வித்துக் கொடுத்த சீதனம்.

அவள் சீனியைக் கடகத்தில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடி, பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடும் தம்பிஐயா முயலை மல்லாத்திப் பிடித்து அடிவயிற்றை மெல்ல அமத்தினார். சொட்டுச் சொட்டாக வந்தது மூத்திரமில்லை. கரைத்த சுண்ணாம்பு.

"என்ன தீன் போடுறியள்?"

"முருங்கை இலைதான். வீட்டு முத்தத்திலை மரம் நிக்குது. ஆசையாத் தின்னும்."

"மனுசருக்கு நல்லதக்கா. இதுக்கு அந்தச் சுண்ணாம்பெல்லாம் மூத்திரப்பையிலை போய் மண்டியாக் கிடக்கும். எங்கடை கிணத்துத் தண்ணியும் உப்புச் சவர். எரிவிலை முக்கி முக்கிச் சிந்தி, கீழெல்லாம் புண்ணாய்ப் போச்சுது, பாருங்கோ. முருங்கையை விடுங்கோ. அறுகம்புல்லு போடுங்கோ. நல்ல தண்ணி நிறைய வையுங்கோ. மயிரைக் கத்தரிச்சு, இளஞ்சூட்டு உப்புத் தண்ணியிலை ஒத்தி, ஈரமில்லாமல் வைச்சிருங்கோ." பிறகு முயலைத் திருப்பினார். "உது சரி. முதுகிலை என்னெண்டு வந்தது? மேலையிருந்து ஏதும் ஒழுகுதோ?"

"இல்லை."

"எப்பிடியோ, காய வைச்சிருங்கோ. இலையான் மொய்ச்சுப் புழு வைச்சுதெண்டால் பிறகு ஒரு நாள்தான். என்னாலையும் ஒண்டும் செய்ய ஏலாது."

ஈரமில்லாமல் வைத்திருப்பது எப்படி என்று கமலாதேவிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தேய்க்கக் கூடாது, ஒத்தவேண்டும். பழைய நூற்சேலைதான் நல்லது. காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் ஒரு விரல். பதினாலு மாதம் கை படித்த பாடம். கத்தரிக்கோலால் சீனியின் முதுகு மயிரை வெட்டியபோது கீழே சிவந்து, நடுவில் தோல் வழன்று, ஐம்பது சதக் காசளவில் ஒரு புண் தெரிந்தது. அவள் கை நின்றது. அந்த இடமும் அந்த வடிவமும் அவளுக்குத் தெரிந்தவை. ஆழ்வாப்பிள்ளைக்கும் நாரிக்குக் கீழே, இடுப்பின் பின்பக்கத்தில், முதலில் இப்படித்தான் வந்தது.

"படுக்கைப் புண் எல்லாருக்கும் வாறதுதான்" என்று முயலுக்குச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

நாலு நாளில் மூத்திரம் தெளிந்தது. பெட்டியின் அடித் தகரத் தட்டில் பார்த்தாள், சுண்ணாம்பில்லை. வயிற்றுப் புண் காய்ந்து பொருக்கு விட்டது. சீனி புல்லைக் கறுக் கறுக்கென்று கடித்தது. முதுகு மட்டும் காயவில்லை. காலையில் துடைத்துக் காயவைத்தால், சோளகக் காற்று பனைகளுக்குள் இரைந்து, பிறகு வெயில் உச்சியில் ஏறிக் காற்றும் மூச்சை அடக்கிக்கொள்ளும் அந்த நடுப்பகல் வேளையில், ஒழுங்கை வெறிச்சோடி, காகமும் வாயைப் பிளந்துகொண்டு வேலியில் குந்தியிருக்கையில், முதுகு மறுபடி நனைந்திருக்கும்; அந்த அறையிலிருந்து ஒரு மணமும் கிளம்பிவரும். முயல் மணம் இல்லை. சுருட்டும் வாதத் தைலமும் முதல்நாள் மூத்திரமும் சேர்ந்த மணம். கூடவே பெட்டிக்குள் சீனி பின்னங்காலால் நிலத்தில் அடிக்கும். முயல் பயந்தால் அப்படி அடிக்கும் என்று றோசம்மா சொல்லியிருந்தாள்.

மூன்று தரம் அடிக்கும். எப்போதும் மூன்று.

ஐந்தாம் நாள் கமலாதேவி பெட்டியை வெளியே இழுத்துவிட்டு, முழங்காலில் இருந்து, கட்டிலின் அடியை அண்ணாந்து பார்த்தாள். பிரம்புப் பின்னலின் நடுப்பகுதி கறுத்திருந்தது. கண்ணறைகளில் துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று இறங்கி, நீண்டு, அவள் நெற்றியில் விழுந்தது.

சூடாக இருந்தது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள், முயலைத் தூக்கினாள், அறையைப் பூட்டினாள், திறப்பை இடுப்பில் செருகினாள். குசினியில் அடுப்புக்கு எதிர்மூலையில் பெட்டியை வைத்து மேலே சுளகால் மூடினாள்.

பின்னேரம் யோகம்மா வந்தாள். ஆழ்வாப்பிள்ளையின் தமக்கை. வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"தம்பியின்ரை மணம் வருது."

"ஓம், வருது."

"அவன் கட்டிலைக் கேக்கிறான், கமலம். குடுத்துத் துலையன். இல்லாட்டில் வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோடை வந்திரு."

"கட்டில் என்ரை ஐயா தந்தது. வீடும் என்ரை சீதனம். ஏன் மச்சாள் நான் போகவேணும்?"

"ஆசை ஆறாமல் போனவன்…"

"பதினாலு மாதத்திலை ஒரு நாள் வந்து ஒரு துணி கழுவினியளே?" கமலாதேவியின் குரல் ஏறியது. "அப்ப வராத மணம் இப்ப மட்டும் உங்களுக்கு வருதோ?"

யோகம்மாவின் கண் கமலாதேவியைத் தாண்டி, பூட்டிய கதவின் கீழிடுக்கில் நின்றது. பிறகு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனாள்.

மறுநாள் நல்ல தண்ணீர் அள்ளக் கோயில் கிணற்றுக்குப் போய், குடத்தோடு திரும்பியபோது உச்சிப் பொழுது. முற்றத்தில் கால் வைத்ததுமே மணம் முகத்தில் அடித்தது. பூட்டு பூட்டியபடி. திறப்பு இடுப்பில். ஆனால் கதவின் கீழிருந்து, சிவப்புச் சீமெந்து நிலத்தில், ஒரு ஈரத்தடம் தொடங்கியிருந்தது. கால்தடம் இல்லை. ஒரு முழ அகலம். இழுபட்ட தடம். அதன் வலது ஓரத்தில், ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கை ஊன்றிய அடையாளம், ஐந்து விரலும் விரித்து. இடது ஓரத்தில் ஒன்றுமில்லை.

கூடத்தைக் கடந்திருந்தது. குசினிப் படியில் ஏறியிருந்தது.

பெட்டி வரை.

பிறகு, அதன் பக்கத்திலேயே இன்னொரு தடமாகத் திரும்பிப் போயிருந்தது.

குடத்தை எங்கே வைத்தாள் என்று தெரியாது. சுளகு காய்ந்து கிடந்தது, வைத்தது வைத்தபடி. அதை எடுத்தாள். சீனி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. முதுகு தோய்ந்து சொட்டியது. புண்ணில் இரண்டு இலையான். பச்சை இலையான்.

ஒரு நாள்தான், என்று தம்பிஐயா சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் முயலை மடியில் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தாள். இலையானை விரட்டினாள். துடைத்தாள், ஒத்தினாள், ஊதி ஊதிக் காயவைத்தாள். அதன் சின்ன நெஞ்சு அவள் தொடையில் படபடவென்று அடித்தது. நாலு காலும் சேலைக்குள் சுற்றியிருந்தன. அசைய முடியாது.

டொக்.

டொக்.

டொக்.

அறைக்குள்ளிருந்து.

அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது கோபம். ஏனென்றால் அவளுக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாதது அவளுக்குத் தெரியும். அவருடைய கடைசிப் பகலில் இதே குசினியில், இதே இடத்தில், அவள் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கையில் எடுத்த நேரம்தான் மூன்று தட்டுக் கேட்டது. அவள் எழும்பவில்லை. இதைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தாள். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. அவள் கடைசி மிடறுவரை குடித்தாள். போனபோது அவர் நனைந்தபடி, வாசலைப் பார்த்தபடி கிடந்தார். பொல்லுப் பிடித்த கை இன்னும் சூடாக இருந்தது.

"பதினாலு மாதத்திலை ஒரு தேத்தண்ணி சூடாக் குடிச்சனான்" என்று பூட்டிய கதவைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்கோ உவ்வளவும்? அதுக்கோ இந்த வாயில்லாச் சீவன்?"

டொக். டொக். டொக்.

"வாறன்."

சீனியைச் சுளகின் கீழ் வைத்தாள். சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்தாள். உப்புப் போட்டாள். பழைய நூற்சேலைத் துண்டு. தேங்காயெண்ணெய்ப் போத்தல். எல்லாவற்றையும் பழையபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, ஈரத்தடத்தின் மேலேயே மிதித்து நடந்து, பூட்டைத் திறந்தாள்.

யன்னல் சாத்திய அறை. ஓட்டிடுக்கால் ஒரு கோடு வெயில். கட்டிலில் யாருமில்லை. ஆனால் பிரம்புப் பின்னல் நடுவில் தாழ்ந்திருந்தது. தோள் ஒரு குழி. இடுப்பு ஒரு குழி. குதிக்கால் குழி இரண்டு. கீழே சொட்டுச் சொட்டென்று விழும் சத்தம்.

கால் பின்னால் போகப் பார்த்தது. அவள் விடவில்லை.

"கேளுங்கோ" என்றாள். "நான் போகமாட்டன். கட்டிலும் போகாது. கழுவ வேணுமெண்டால் நான் கழுவுவன். ஒவ்வொரு நாளும் கழுவுவன். ஆனால் முயலிலை தொடப்படாது. விளங்கிச்சுதோ?"

சொட்டுவது நின்றது.

சட்டியை நிலத்தில் வைத்தாள். துணியை நனைத்துப் பிழிந்தாள். முப்பது வருடம் அவரைக் கூப்பிட்ட அதே தொனியில், அலுத்த தொனியில், சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. அந்தப் பக்கம் திரும்புங்கோ."

பிரம்பு கிறீச்சிட்டது. குழிகள் மெல்ல மேலெழும்பி, சமமாகி, சுவரோரமாகப் போய் மறுபடி இறங்கின. ஒரு பக்கத் தோள். ஒரு பக்க இடுப்பு. பாரத்தில் தேக்குச் சட்டம் முனகியது.

கமலாதேவி ஈரத்துணியை விரித்துக் கட்டிலின் மேல் விட்டாள்.

துணி பிரம்பில் விழவில்லை. பிரம்புக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், வளைந்து படிந்து நின்றது. அவள் அதன் மேல் கையை வைத்தாள். ஒத்தினாள், தேய்க்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே துணி மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.