ஆற்றில் இறங்கிய நோயாளிகள்

மூடுபனி கலையாத ஒரு காலையில், முதுகெலும்பு அறுவையில் பேர்போன பெரிய டாக்டர் அண்ணியின் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சொல்ல வந்ததைத் தானே நம்பாத முகம்.

"என் நோயாளிங்க ஒரே கனவைக் காண்றாங்க," என்றார்.

மருந்துச் சோதனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று சரிபார்ப்பது அண்ணியின் தொழில். டாக்டரை அழைத்து வந்தவன் அண்ணியின் கொழுந்தன். அதே மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர். அடுத்தவர் பேசி முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிடுவதால் வீட்டில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கூப்பிடச் சுருக்கமாக முந்திரி.

விஷயம் இதுதான். விழுந்தும் மோதியும் தண்டுவடம் நசுங்கி அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு, அறுவை முடிந்த கையோடு ஒரு புது மருந்தைக் கை நரம்பில் ஏற்றிப் பார்க்கிறார்கள். கால் மறுபடி அசையுமா என்பதுதான் கேள்வி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். பைகளின் மேல் எண் மட்டும் இருக்கும். எது எதுவென்று மருந்தாளுநரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, பெரிய டாக்டருக்கும்தான். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"மயக்கம் தெளியறப்போ பாதிப் பேர் தண்ணியில இறங்கறாங்க. மீதிப் பேருக்குக் கனவே இல்ல. மருந்து மூளையைக் கலக்குதுன்னா சோதனையை நிறுத்திடுவாங்க. இல்லன்னா..." பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்த நேரத்துல பக்கத்துல இருக்கறது ஒரே ஒரு சிஸ்டர். எது மருந்துங்கற ரகசியம் தெரிஞ்சுக்கிட்டு அவங்கதான் காதுல எதையோ ஓதறாங்க. சாயங்காலம் அவங்களை வேலையை விட்டு அனுப்பப் போறேன்."

முந்திரி இருக்கையை விட்டு எழுந்தான். அந்த சிஸ்டரோடு அவன் அவசரப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறான். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல அண்ணி!"

"நீ சாட்சியா, வக்கீலா?" என்றார் அண்ணி. "கிளம்பு, போய்ப் பாப்போம்."

வார்டில் வெளிர்பச்சைத் திரைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அங்கே எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். முந்திரிக்குத் தானே அரைத்தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர் கனவைச் சொல்லும்போதே சிரித்தான். "நல்ல ஆறு மேடம். கரையில குத்தவெச்சு இந்தக் கையை விட்டேன்." இடது கையைத் தூக்கினான், அதன் மேல் பிளாஸ்திரி. "சில்லுன்னு தோள் வரைக்கும் ஏறிச்சு. அப்படியே ஆத்தோட போயிட்டேன். ஏன்டா எழுப்பினாங்கன்னு ஆயிடுச்சு."

அடுத்த கட்டில் கணக்கு வாத்தியாருக்கு அது குளம். "வலது கையை விட்டேன். எழுதற கையாச்சே, விறைச்சுப்போனா சாக்பீஸ் பிடிக்க முடியாதேன்னு ஒரே கவலை." அவருக்குப் பிளாஸ்திரி வலது கையில்.

மூன்றாவது ஆள் பஸ் கண்டக்டர். "எனக்கு ஒண்ணும் வரல மேடம். கனவுக்குக்கூட லீவு விட்டுட்டாங்க."

சிஸ்டரின் கண் சிவந்திருந்தது. "பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவ்வளவுதான் மேடம். எது மருந்துன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அப்போது அறுவை முடிந்த ஒருவரிடம் பெரிய டாக்டர் வந்தார். மருந்துப் பை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய கையைத் தன் கைக்குள் வாஞ்சையாகப் பொத்திக்கொண்டு, காலை அசைக்கச் சொல்லி, அசைவுக்கான முதல் மார்க்கைப் போட்டார். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார் என்று பெயின்டர் பெருமையோடு சொன்னான்.

கடைசியாக மருந்தாளுநரின் அறை. அங்கே ஒரு குட்டி ஃபிரிட்ஜ் பிதுங்கி வழிந்தது. அலமாரியிலும் பைகள் இருந்தன. அவர் ஒரு பையைத் துணியால் துடைத்து, எண் சீட்டை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். "சிலதுல ஒட்டவே மாட்டேங்குது மேடம், நனைஞ்சுடுது," என்று அலுத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் முந்திரி துள்ளினான். "கண்டுபிடிச்சுட்டேன்! இவர்தான் சிஸ்டர்கிட்ட ரகசியத்தை..."

"காலையில அவங்களுக்கு வக்கீலா இருந்தியே, அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?" என்றார் அண்ணி.

சாயங்காலம் பெரிய டாக்டரின் அறையில் சிஸ்டரும் மருந்தாளுநரும் நின்றார்கள். மருந்தாளுநர் அப்போதுதான் எடுத்துக் கொடுத்த இரண்டு பைகள் அண்ணியிடம் இருந்தன.

"கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுங்க டாக்டர்." இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு பையை வைத்தார். "ரெண்டும் வேற வேறன்னு தோணுதா?"

"தோணுது. இது ஜில்லுன்னு..." பெரிய டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"மருந்து கெட்டுப்போகும்னு ஃபிரிட்ஜ்ல இருக்கு. உப்புத் தண்ணி அலமாரியில இருக்கு," என்றார் அண்ணி. "ஜில்லுன்னு ஒண்ணு கை வழியா ஏறினா, அரைமயக்கத்துல இருக்கறவன் அதை ஆறாக்கிடுவான், குளமாக்கிடுவான். எந்தக் கையில ஊசியோ அந்தக் கைதான் கனவுல நனையுது. சிஸ்டர் காதுல ஓதியிருந்தா, கை எப்படி மாறி மாறி வரும்?"

"மருந்தோட குணமாவே இருந்தா?" என்றான் முந்திரி.

அண்ணி மருந்தாளுநரைப் பார்த்தார். "கனவு கண்டவங்கள்ல யாருக்காவது உப்புத் தண்ணி போயிருக்கா?"

அவர் தயங்கினார். "கணக்கு வாத்தியாருக்கு மேடம். அன்னிக்கு அலமாரிக்கு பெயின்ட் அடிச்சாங்க. எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்குள்ள திணிச்சேன். எப்பவுமே அப்படி வைக்கலாம்னு கேட்டேன். உப்புத் தண்ணி கெட்டாபோகும், வெளிய வையின்னு டாக்டர்தான்..."

சிஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஆக, மருந்து மேலயும் தப்பில்ல, சிஸ்டர் மேலயும் தப்பில்ல," என்று பெரிய டாக்டர் மூச்சு விட்டார். "சோதனையைத் தொடரலாம்."

"முடியாது டாக்டர்." அண்ணியின் குரல் இன்னும் மென்மையானது. "மருந்து இறங்கிட்டிருக்கற கையை ஒவ்வொரு தடவையும் யார் பிடிச்சுக்கறாங்க?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்லல. ஆனா ஜில்லுன்னு இருந்தா மருந்துன்னு உங்க கைக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நீங்க போட்ட ஒவ்வொரு மார்க்கும் அந்தக் கை போட்டதுதான்."

பெரிய டாக்டர் எழுந்து சிஸ்டரின் முன்னால் நின்றார். "என்னை மன்னிச்சுடுங்கம்மா."

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது இருக்கட்டும் டாக்டர். நோயாளிங்ககிட்ட யார் சொல்றது? வாங்க, நானும் வரேன்."

முதலில் பெயின்டரிடம் போனார்கள். அவன் பொறுமையாகக் கேட்டான். "அப்போ நான் பாஸா, ஃபெயிலா?"

"தெரியலப்பா. நான் போட்ட மார்க் எதுவும் செல்லாது. புது ஆளுங்களோட முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

பெயின்டர் போர்வையை விலக்கினான். வலது கால் கட்டை விரல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது. "இன்னிக்கு மத்தியானத்துலேருந்து. இதை எழுதிக்க மாட்டீங்களா?"

"சோதனைக் கணக்குல எழுதக் கூடாதுப்பா."

"எழுதாட்டிப் போங்க சார். உக்காந்து பாருங்க."

பெரிய டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். விரல் மறுபடி மடங்கியபோது அவர் கண் கலங்கியதை முந்திரி பார்த்தான். முதல் முறையாக, முந்திக்கொண்டு எதையும் சொல்லாமல், அவனும் அருகில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்தான்.